ஊசி நின்ற பிறகு

மல்யுத்தத்திலும் தேகப்பயிற்சியிலும் தேர்ந்து, பட்டத்தையே பெயரோடு சுமந்த நம் கோயமுத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர் பிறந்தது 1915-இல். ஆண்மைச் சுரப்புநீரான டெஸ்டோஸ்டிரோன் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவானதோ அவர் வாலிபரான பிறகு, 1935-இல்.

இன்று கருமத்தம்பட்டி வாலிபர் ஒருவர் அந்த டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு ஊசி ஏற்றிக்கொண்டால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தேவைக்கு மேல் சரக்கு இருப்பதறிந்து, அதைச் சுரக்குமாறு விரைகளுக்கு இடும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. ஊசி நின்றபின் அக்கட்டளை மீள மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆவதால், அந்த இடைக்காலத்தில், நீர் கோத்துப் பருத்திருந்த புஜம் சில வாரங்களிலேயே வற்றி, பளு தூக்கும் பலம் குன்றி, மனமும் உற்சாகம் இழக்கிறது. அதைச் சகியாமல்தான் அடுத்த ஊசி! வியாபாரிக்கு அதுவே லாபம்.

இந்நிலையில் இருப்பவர்களே, ஜிம் நண்பரின் யோசனையை விடுத்து, சுரப்பியியல் மருத்துவரிடம் சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.