ஆத்திரமும் அவகாசமும்



அடக்க மாட்டாத ஆத்திரம் என்னும் இப்பொருளை ஓர் அறக்கட்டளை மேடையில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. 1632-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற தியடோர் கோல்ஸ்டன் என்னும் வைத்தியர் தம் மரண சாசனத்தில் ஒதுக்கிவைத்த பொருளைக்கொண்டு, லண்டன் அரச வைத்தியக் கல்லூரியில் நடந்துவரும் சொற்பொழிவு வரிசையிலேதான், 1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், அறிவில் குறை ஏதும் இல்லாதிருந்தும், ஒன்றில் மனத்தை ஊன்ற மாட்டாமலும், மூண்ட சீற்றத்தைத் தணிக்க மாட்டாமலும், தண்டனை பெற்ற சில மணி நேரத்திற்குள் அதே பிழையை மறுபடி செய்தும் வந்த குழந்தைகள் சிலரைப் பற்றி விரித்துரைத்தார். அந்நிலையை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். பெயர் கடுமையானதேயாயினும், அக்குழந்தைகளைப் பொல்லாதவர் என்று தள்ளிவிடாமல் உடற்கூற்றிலே காரணம் தேடிய அவருடைய நேர்மை என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

இன்று ஏ.டி.எச்.டி. என்று வழங்கும் அக்குறை வயது வந்தால் தானே மறைந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது பெரியவர்களிடத்தும் தொடர்வதை வற்புறுத்திய அமெரிக்க மனநோய் வைத்தியர் பால் வெண்டர், தாம் வகுத்த லட்சணங்களில் முன்கோபத்தையும், நிலையற்ற மனோபாவத்தையும், சிறு இடருக்கும் நிலைகுலையும் சுபாவத்தையும் சேர்த்தே எண்ணினார். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கையேடோ, கவனக் குறைவையும் மிகைச் சலனத்தையும் துடுக்கையுமே மூல லட்சணங்களாகக் கொண்டு, எரிச்சலை உடன்வருவனவற்றுள் ஒன்றாக ஒதுக்கிற்று. இவ்வொதுக்கம் வருந்தத்தக்கது என்பது என் அபிப்பிராயம். மறதியினால் ஒருவன் வேலையை இழக்கலாம். அவனை நியாயஸ்தலத்தின் கூண்டில் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் அந்த எரிச்சலேயாகும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர் நம் பெரியோர். இக்குறையுடையோரை அருகிருந்து நோக்குவோருக்கு அது முழுதும் பொருந்தாது என்பது புலனாகும். கை ஓங்கியது தவறு என்று அவர்கள் அறிவார்கள்; அறிந்து அழுபவர்களும் உண்டு; ஆனால் அவ்வறிவு, அடி விழுந்த பிறகே வந்து சேர்கிறது. உணர்ச்சி எழுவதற்கும் கை எழுவதற்கும் நடுவே மற்றவர்களுக்குக் கிடைக்கும் அந்தச் சிறு அவகாசம் இவர்களுக்குக் கிட்டுவதில்லை. மூளையின் முன்பகுதியே அவ்வவகாசத்தைத் தருவது என்றும், டோபமின், நோர்அட்ரினலின் என்னும் ரசங்கள் அங்கே செவ்வனே பணிபுரிய மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் துணைசெய்கின்றன என்றும் விஞ்ஞானிகள் கூறுவர்.

இனிச் சுவீடன் தேசத்துச் செய்தியைக் கேளுங்கள். கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தைச் சேர்ந்த பால் லிக்டென்ஸ்டைனும் அவர் குழுவினரும், இக்குறையுடையோர் 25,656 பேரை 2006 முதல் 2009 வரை அரசாங்கப் பதிவேடுகளின் வாயிலாகத் தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் ஆடவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் ஏதேனும் ஒரு குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டிருந்தனர். இக்குறையில்லாத ஆடவரிலோ 9 பேரே. இக்குறையுடைய ஆடவரில் எஞ்சிய 63 பேர் அவ்வாண்டுகளில் எக்குற்றத்திற்கும் தண்டிக்கப்படாமல் வாழ்ந்தவர்கள் என்பதை, இக்குறையுடையோரையெல்லாம் குற்றவாளிகளாகக் காணும் அவசரம் நம்மைப் பற்றாதிருக்க, இங்கேயே சொல்லிவைக்கிறேன். அதே மனிதன் மருந்துண்ட காலத்தையும் உண்ணாத காலத்தையும் ஒப்பிட்டபோது, உண்ட காலத்தில் குற்றங்கள் ஆடவரிடத்து 32 சதவீதமும் மகளிரிடத்து 41 சதவீதமும் குறைந்திருந்தன. ஒருவனை அவனோடே ஒத்துப் பார்த்தமையால், குலம், வறுமை, வளர்ப்பு என்னும் பேதங்கள் பெரும்பாலும் நீங்கின. எனினும் இது பதிவேட்டு ஆராய்ச்சியே; மருந்தை ஏற்கும் மனநிலை வாய்த்த காலத்தில் வாழ்வும் சற்றுச் சீர்பட்டிருக்கலாம்.

அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு உதவுவது போல, ஸ்டாக்ஹோமுக்கு வடக்கேயுள்ள நோர்டெல்யே சிறையில், நெடுந்தண்டனை பெற்ற 30 ஆடவருக்கு, யாருக்கு எது என்பது வெளிப்படாதவாறு மருந்தும் வெற்று மாத்திரையும் 5 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் தெளிவான நலம் கண்டது. அதைக் கேட்டு மகிழ்ந்த நெஞ்சு, பின்னர்ப் பிரிட்டனில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 200 இளம் கைதிகளிடத்து 8 வாரம் நடந்த சோதனையில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேற்றுமையே காணப்படவில்லை என்று கேட்டதும் தளர்ந்தது. ஆயினும் இரண்டையும் ஒருசேர வைத்தே எண்ண வேண்டும். இளமையிலே அடியும் அனாதரவும் கண்டு, போதைப் பொருளையும் பழகி, சிறைக்கு வந்தவனுடைய சீற்றத்திற்கு வேர்கள் பல. அவை அனைத்தையும் ஒரு மாத்திரை களைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது அந்த மாத்திரைக்கும் நியாயமன்று, அவனுக்கும் நியாயமன்று.

ஆதலின் நான் வேண்டுவது எல்லாக் கைதிக்கும் மருந்தை அன்று; விசாரணையை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் தோன்றியிருந்தாலன்றி இக்குறை உண்டென்று முடிவுகட்டலாகாது என்பது வைத்திய விதி. எனவே சிறை வாயிலில் பெயரும் ஊரும் குற்றமும் எழுதிக்கொள்ளும் வேளையில், பள்ளியில் நீ எப்படி இருந்தாய் என்று யாரேனும் ஒருவர் அவனைப் பொறுமையோடு கேட்க வேண்டும். அவனைப் பெற்றவள் உயிரோடு இருப்பாளாயின், அவளையும் கேட்க வேண்டும்.