நாவைக் கேட்ட நாடாள்வோர்



1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பான், நிலத்தைப் பறித்தது. ஆசை அடங்கவில்லை, இறுதியில் நாவையும் கேட்டது! பள்ளியிலே தாய்மொழி பேசிய பிள்ளைக்குத் தண்டனை. அந்நாளில், நாடிழந்தோரின் மகளாய் மஞ்சூரியாவிலே பிறந்து, ஆள்வோர் மொழியிலே பாடம் நடத்த நேர்ந்தது ஓர் ஆசிரியைக்கு. அவர் ஈன்ற மகளே தெரெசா ஹாக் கியுங் சா.

1951-இல், போரின் நடுவே, பூசானில் பிறந்தார். சிறுமியாக அமெரிக்கா சென்றார். படச்சுருள், ஒலி, மேடை, எழுத்து - யாவும் அவர் கருவிகள். 1975-இல் எடுத்த ‘மவுத் டு மவுத்’ படத்தில் ஒரு வாய் கொரிய உயிரெழுத்துக்களை உருவாக்குகிறது. ஒலியோ நம் செவிக்கு எட்டவில்லை! நீரின் இரைச்சல் அதனை விழுங்குகிறது. நாம் மேடைதோறும் மணிக்கணக்கில் முழங்குவதை எட்டே நிமிடத்தில் உணர்த்திவிட்டார் அந்த நங்கை.

1982-இல் ‘டிக்டே’ வெளிவந்தது. சொல்வதெழுதுதல் என்று பொருள். பிறர் சொல்ல நாம் எழுதும் பாடத்தையே தலைப்பாக்கினார்! அன்னையின் கதையும், 1919 விடுதலைக் கிளர்ச்சியில் சிறைபுகுந்து 1920-இல் மாண்ட இளநங்கை யூ குவான் சூன் கதையும் அதில் உண்டு. எளிய நூலன்று, வாக்கியங்கள் முறிந்து கிடக்கும். முறிக்கப்பட்ட நா வேறெவ்விதம் பேசும்?

அவ்வாண்டே நவம்பர் 5-ஆம் நாள், நியூயார்க்கில் கொலையுண்டார். வயது 31. நூல் வெளிவந்து நாட்கள் சிலவே ஆகியிருந்தன. அவர் படைப்புகளை பெர்க்லி பல்கலைக்கழகக் கலைக்கூடம் காத்து வருகிறது. ‘டிக்டே’ இன்று கல்லூரி வகுப்புகளிலே பாடம்.