என் பெயரைக் கூப்பிட ஒருவன் வேண்டும்

'முதுமையில் பெரிய துணை யார்? பிள்ளைகளா, நண்பர்களா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், 'நண்பர்களே' என்னும் அணியில் ஜொகூர், காஹாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை இது.

 

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் தங்கமானவர்கள். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள். தீபாவளிக்கு வந்து நிற்கிறார்கள். ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. பிள்ளைகள் செய்ய முடியாத ஒரு காரியம் இருக்கிறது, அதை நண்பன்தான் செய்ய முடியும் என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் ஊர் காஹாங். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது. எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் கம்போங் பெத்தாவுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு அது வழியில் வரும் ஒரு சின்ன ஊர். எங்களுக்கு அதுதான் உலகம்.

மூன்று பேர், ஒரு லயம்

நாங்கள் மூன்று பேர். ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே தமிழ்ப்பள்ளி. மூவருடைய பெற்றோரும் பால்மரம் வெட்டியவர்கள். விடிவதற்கு முன்னே பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கிராணியார் பேர் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று குரல் வர வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

பிறகு நானே படித்துக் கிராணியானேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான்தான் பேர் கூப்பிட்டேன். ஒரு நண்பர் லோரி ஓட்டினார். இன்னொருவர் கித்தா மரம் வெட்டினார். கித்தா போய்ச் செம்பனை வந்தபோது குலை அறுத்தார்.

55 வயதில் ஓய்வு. தனியார் துறையில் ஓய்வு வயது 60 ஆனது 2013 ஜூலையில்தான். அதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். தோட்டத்தில் ஓய்வு என்றால் வேலையோடு வீடும் போகும். லோரிக்கார நண்பர் குளுவாங்கில் மலிவு வீடு வாங்கினார். நானும் குலை அறுத்த நண்பரும் காஹாங்கிலேயே ஆளுக்கொரு கம்பத்தில் தங்கிவிட்டோம். பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? வேலை அங்கேதானே இருக்கிறது!

ஒரு கேள்விக்குப் பதில் இல்லை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் குலை அறுத்த நண்பர் இறந்துபோனார். மனைவி போன பிறகு தனியாக இருந்தவர். இரவு தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மதியம்தான் பக்கத்து வீட்டுக்காரர் கவனித்திருக்கிறார். நான் இருந்தது இரண்டு மைல் தூரத்தில்.

காரியம் செய்ய எல்லாரும் கூடினோம். எரிப்பதா, புதைப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. மகன் ஒன்று சொன்னார், உறவினர் வேறு சொன்னார்கள். அப்போது அவருடைய மகள் எங்கள் இருவர் முன்னாலும் வந்து நின்று, "மாமா, நீங்க சின்னதிலிருந்து ஒண்ணா இருந்தவங்க. அப்பா எதுவும் சொன்னாரா?" என்று கேட்டது.

நடுவர் அவர்களே, எங்களிடம் பதில் இல்லை.

அறுபது ஆண்டு நட்பு! எதைப் பேசவில்லை நாங்கள்? 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடிய பந்தைப் பேசினோம். கோல்கீப்பர் ஆறுமுகத்தின் கையைப் பற்றிப் பேசினோம். சிவாஜியா எம்ஜிஆரா என்று சண்டை போட்டோம். இனிப்புநீர் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கணக்குச் சொன்னோம். 'நான் செத்தால் என்னை என்ன செய்ய வேண்டும்' என்பதை மட்டும் பேசவில்லை. யாராவது தொடங்கினால், 'அபசகுனமா பேசாதடா' என்று வாயை அடைத்துவிடுவோம்.

குளுவாங்கில் எரித்தார்கள். கருமாதி முடிந்த பிறகு ஒரு பாட்டி சொன்னார்: தோட்டத்து இடுகாட்டில், மனைவி பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசையாம்.

அதோடு முடியவில்லை. ஊழியர் சேமநிதியில் அவர் கொஞ்சம் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தார். நாமினியாக அவர் எழுதிக் கொடுத்திருந்தது அம்மாவின் பெயர். அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன் எழுதியதை அவர் மாற்றவே இல்லை. அந்தப் பணத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை. 'உன் நாமினி யாருடா?' என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோப்பிக்கடையில் கேட்ட கேள்வி

கருமாதி முடிந்து, லோரிக்கார நண்பரும் நானும் கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை. பிறகு நான் கேட்டேன்.

"சாவுன்னா உனக்குப் பயமா இருக்காடா?"

"சாவுக்குப் பயம் இல்லடா. படுத்துக் கிடந்து அடுத்தவங்களுக்குப் பாரமாயிடுவோமோன்னுதான் பயம். அதைவிட இன்னொண்ணு இருக்கு. லோரி ஓட்டுனப்ப நாலு மணிக்கு எந்திரிப்பேன். ஆலைக்குக் குலை போகணும், நான் போகலன்னா அங்க வேலை நிக்கும். இப்ப நான் எந்திரிக்கலன்னா என்ன நிக்கப் போவுது, சொல்லு?"

பெரியோர்களே, முதுமையின் முழு வேதனையும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சோறு இருக்கிறது, மருந்து இருக்கிறது, பிள்ளைகள் அனுப்பும் பணம் இருக்கிறது. 'நான் எழாவிட்டால் எது நிற்கும்' என்பதற்கு மட்டும் பதில் இல்லை. இதை அவர் மகனிடம் கேட்க முடியுமா? கேட்டால் மகன் பயந்துபோய் மருத்துவரிடம் அழைத்துப் போவார். பிள்ளைகளுக்கு நாம் அப்பா. நம் பயத்தை அவர்களிடம் காட்டக்கூடாது என்று நாமே வாயைக் கட்டிக்கொள்கிறோம். நம்மோடு சேர்ந்து கிழவனானவனிடம்தான் அதைச் சொல்ல முடியும்.

பெரியவர்கள் காட்டிய வழி

இது எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள கதை அல்ல. ராஜாஜியையும் பெரியாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் நகராட்சிக்கு அவர் தலைவர், ஈரோடு நகராட்சிக்கு இவர் தலைவர். அந்தக் காலத்துப் பழக்கம். 1925-இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். வழி பிரிந்தது. 1938-இல் ராஜாஜியின் ஆட்சி கட்டாய இந்தியைக் கொண்டுவந்தது; எதிர்த்த பெரியார் சிறைக்குப் போனார். 1953-இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைப் பெரியார் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார். இவ்வளவு பகை மேடையில்!

ஆனால் 1949-இல் என்ன நடந்தது? பெரியாருக்கு 70 நெருங்குகிறது. தனக்குப் பிறகு இயக்கத்தையும் அதன் சொத்துக்களையும் யார் காப்பது என்ற கவலை. அந்தக் கவலையை எடுத்துக்கொண்டு அவர் போனது, அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியிடம். திருவண்ணாமலையில் இருவரும் தனியாகப் பேசினார்கள். தன் காலத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பேசுவதற்கு எதிர்முகாமில் இருந்த பழைய நண்பர்தான் அவருக்குத் தேவைப்பட்டார்.

1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தார், வயது 94. சக்கர நாற்காலியில் வந்த 93 வயதுப் பெரியார், நண்பரின் சிதைக்கு முன்னால் கண்ணீர் விட்டு அழுதார். அடுத்த ஆண்டு டிசம்பர் 24-இல் அவரும் போனார். அவருக்கும் வயது 94!

இன்னொன்றையும் கவனியுங்கள். ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது 1959-இல், 80 வயதில். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்க அதிபர் கென்னடியைப் போய்ப் பார்த்தது 1962-இல், 83 வயதில். பெரியார் கடைசிக் கூட்டம் பேசியது இறப்பதற்கு ஐந்து நாள் முன்னால். 'நான் எழாவிட்டால் எது நிற்கும்' என்ற கேள்விக்கு இருவரிடமும் கடைசி வரை பதில் இருந்தது.

அதற்கும் முன்னே போனால் கோப்பெருஞ்சோழன். பெற்ற பிள்ளைகளே போருக்கு வந்தார்கள் என்று மனம் உடைந்து, உறையூர் மன்னன் வடக்கிருந்தான். பாண்டி நாட்டிலிருந்து பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் விடுங்கள் என்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் வந்தார். கூடவே உயிரை விட்டார். இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று அவரைக் கேட்டபோது, அவர் மருந்தைச் சொல்லவில்லை. மனைவி மக்களையும், ஏவலரையும், மன்னனையும், ஊரில் உள்ள சான்றோரையும் சொன்னார். அதாவது, சுற்றி இருக்கும் மனிதர்களைச் சொன்னார்.

எதிரணி நண்பர் 'அது புலவர் கதை' என்று சிரிக்கிறார். சரி, அறிவியலுக்கு வருவோம். குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடை 1938-இல் தொடங்கியது என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அதே 1938-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்களையும் போஸ்டன் நகரத்து ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்து 724 பேரை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். 80 வயதில் யார் நலமாக இருப்பார் என்பதை 50 வயதில் கணிக்க எது உதவியது தெரியுமா? இரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட, உறவிலும் நட்பிலும் அவர் கண்ட நிறைவு! பிசிராந்தையார் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

மறுபடியும் பெரட்டு

கோப்பிக்கடைக்குத் திரும்புகிறேன். நண்பர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் யோசித்தேன். விடியற்காலையில் எழுந்து அவருக்குப் போன் போட்டேன். முழுப்பெயரைச் சொல்லி, தகப்பனார் பெயரையும் சேர்த்து, பெரட்டில் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "இருக்கேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்குப் பெரட்டு. எங்கள் தோட்டத்தில் இருந்து சிதறிப்போனவர்களைத் தேடிப் பிடித்தோம். காஹாங், குளுவாங், பாசிர் கூடாங் என்று பதினோரு பேர் வாட்சப்பில் சேர்ந்தோம். நான் பேர் போடுவேன். ஒவ்வொருவரும் 'இருக்கேன்' என்று குரல் அனுப்ப வேண்டும். ஏழு மணிக்குள் வராவிட்டால் போன். போன் எடுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நேரில் போக வேண்டும். அப்படிப் போகும் வேலை லோரிக்கார நண்பருடையது. அவர் இப்போது ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். "நான் எந்திரிக்கலன்னா பெரட்டு நிக்கும்டா" என்கிறார்!

போன ஆண்டு ஒரு காலை, ஒருவரிடமிருந்து குரல் வரவில்லை. நண்பர் போய்ப் பார்த்தால், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். ஆள் பிழைத்துக்கொண்டார். இரண்டு மைல் தூரத்தில் இருந்தும் ஒரு நண்பனை மதியம் வரை தனியாகக் கிடக்க விட்டவன் நான். அந்தக் கடனில் ஒரு பங்கு அன்றைக்கு அடைந்தது.

பெரட்டில் சேர்கிறவர்களிடம் நான்கு கேள்வி கேட்போம். சேமநிதியில் நாமினி யார், அவர் உயிரோடு இருக்கிறாரா? உயில் எழுதியாயிற்றா? சுயநினைவு இல்லாமல் போனால் மருத்துவமனையில் உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம்? கடைசிக் காரியம் எப்படி? பதிலை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்வோம். முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். எழுதிக் கொடுத்த பிறகு, 'மனசு லேசாச்சு' என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் இதுதான் உதவி. ஆகவே எதிரணிக்குச் சொல்கிறேன்: நல்ல நண்பன் பிள்ளைக்குப் போட்டி இல்லை. அப்பா சொல்லாமல் வைத்ததைப் பிள்ளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன்தான்.

பதினோரு பேர் இப்போது பத்துப் பேராகிவிட்டோம். போன மாதம் ஒருவர் போனார். அவர் எழுதி வைத்தபடியே எல்லாம் நடந்தது. ஒரு வாக்குவாதம் இல்லை. மறுநாள் காலை பெரட்டில் அவர் பெயரைக் கடைசியாக ஒரு முறை போட்டேன். ஒன்பது பேரும் சேர்ந்து, 'இருந்தார்' என்று குரல் அனுப்பினார்கள்.

பேர் கூப்பிடும் என் முறையும் ஒருநாள் முடியும். அடுத்து யார் கூப்பிடுவது என்று லோரிக்கார நண்பரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். அதைப் பேசும்போது இருவரும் சிரித்தோம். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

நேயர்களே, பல ஆண்டுகள் பேசாத ஒரு பழைய நண்பர் உங்களுக்கும் இருப்பார். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்கு ஒரு போன் போடுங்கள். நலம் விசாரியுங்கள். பிறகு கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு, 'உன் நாமினி யார்?' என்றும் கேளுங்கள்.

பெயர் வைத்தவர்கள் பெற்றோர். அந்தப் பெயரைக் கடைசி வரை கூப்பிட ஒரு நண்பன் வேண்டும்.