உறவு நாடும் பயணமும் தமிழ்ப் பயண இலக்கியமும்



பத்தாண்டுகளைக் கடந்து நிற்கும் ஓர் இலக்கிய வட்டம், தான் எழுதியவற்றைத் திரும்பிப் பார்ப்பதோடு, எழுதாமல் விட்டவற்றையும் எண்ணிப் பார்ப்பது முறையாகும். அவ்வாறு எண்ணத்தக்க பொருள்களுள் ஒன்று, குடும்பத்தோடு மேற்கொள்ளும் நெடிய வெளிநாட்டுப் பயணம். திருப்பூருக்கு இது அயலான பொருளன்று. இங்கிருந்து முதலில் கடல் கடந்தது பனியன். 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. 1990-இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவாயிற்று. 2005 சனவரி முதல் நாளில் உலக நாடுகளின் ஆடைக் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. பனியனுக்குப் பின்னே வணிகர் சென்றனர். அவர்களுக்குப் பின்னே, படிப்பையும் வேலையையும் நாடிப் பிள்ளைகள் சென்றனர். இப்போது அப்பிள்ளைகளைக் காணப் பெற்றோர் செல்கின்றனர். அவிநாசி சாலை வழியே பீளமேட்டு விமான நிலையத்துக்குப் பெட்டிகளோடு விரையும் மூத்த தம்பதியர் இன்று இப்பகுதிக்குப் பழகிய காட்சி.

இப்பயணங்களுக்கு நோக்கம் இரண்டு. பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவது ஒன்று. ஊர் சுற்றிப் பார்ப்பது மற்றொன்று. பயணச்சீட்டு எடுப்பது முன்னதற்காக. கட்டுரை எழுதுவதோ பின்னதைப் பற்றி. விசாவுக்காகக் காத்திருந்தது, விமானத்தில் உறங்காதது, அருவி, கோபுரம், அருங்காட்சியகம், தெருக்களின் தூய்மை, ஊர் திரும்பியது என்று அக்கட்டுரைகள் ஒரே தடத்தில் செல்கின்றன. எந்த மகனைக் காணப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து சென்றார்களோ, அந்த மகன் "காரில் அழைத்துச் சென்றான்" என்னும் ஒரு தொடரில் ஓட்டுநராக வந்து மறைகிறான். மருமகளோ நன்றியுரைப் பத்தியில் மட்டும் தலைகாட்டுகிறாள்.

தமிழின் தொன்மையான பயண நூல்கள் இவ்வாறு அமையவில்லை. ஆற்றுப்படை நூல்களில் பாணனும் பொருநனும் கூத்தனும் தனியே செல்வதில்லை. பசித்த சுற்றத்தோடு செல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டால், அது வழியைச் சொல்லும்போதே வழியில் சோறிட்ட மனைகளையும் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் மனையில் புளிக்கறியிட்ட சோறு, ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும் எனத் திணைக்கொரு விருந்து கூறப்படுகிறது. அதனினும் சிறப்பு, பரிசில் பெற்றவன் தன் வீட்டின் பழைய வறுமையை மறைக்காமல் கூறுவதாகும். உப்பின்றி வேகவைத்த வேளைக்கீரையை, பிறர் காண நாணிக் கதவடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ட அடுக்களை அந்நூலில் இடம்பெற்றிருக்கிறது. எங்கிருந்து புறப்பட்டோம், யார் வீட்டில் உண்டோம், யாரோடு உண்டோம் ஆகிய மூன்றையும் சொல்லாத பயணம் அன்றைய புலவனுக்குப் பயணமாகவே தோன்றியிராது.

இருபதாம் நூற்றாண்டில் உரைநடை இப்பொறுப்பை ஏற்றது. ஏ.கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதற்காகக் கண்டங்கள் பலவற்றைச் சுற்றினார். 1940-இல் படம் வெளிவந்தது. அவருடைய பயணக் கட்டுரைகளில் தம்மைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. எளிய மனிதர்களைப் பற்றிய பேச்சு மிகுதி. பின்னர் மணியன் 'இதயம் பேசுகிறது' என்ற தலைப்பில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர், விமானத்தையே அண்ணாந்து மட்டும் பார்த்திருந்த இல்லங்களுக்கு வெளிநாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது. காண வாய்ப்பில்லாதவர்களுக்குக் காட்சியை எடுத்துரைத்தல் அந்நாளில் ஒரு தொண்டாகவே இருந்தது.

அத்தொண்டின் தேவை இன்று குறைந்துவிட்டது. நயாகராவின் நீர்ப்பெருக்கைப் பல்லடத்துச் சிறுவன் கைப்பேசியில் எந்நேரமும் காண்கிறான். அருவியின் உயரத்தைக் கட்டுரையாளர் சொல்லித்தான் அவன் அறிய வேண்டும் என்பதில்லை. அவன் அறிய முடியாதது, அந்த அருவிக்கு நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு குடியிருப்பில் தன் ஊர்க்காரரான முதியவர் ஒருவர் நவம்பர் மாதப் பிற்பகலைச் சன்னலருகே எவ்வாறு கழித்தார் என்பதே.

இப்பயணங்கள் நீண்டவை என்பதும் கருதத்தக்கது. ஐரோப்பாவின் செங்கன் விசா 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்க இடமளிக்கிறது. அமெரிக்காவுக்கு வருகை விசாவில் செல்வோருக்குப் பொதுவாக ஆறு மாதம் கிடைக்கிறது. 2011 டிசம்பரில் பெற்றோருக்கெனக் கனடா கொண்டுவந்த சூப்பர் விசா அதனினும் நெடுங்காலம் தங்கவிடுகிறது. காண வேண்டிய இடங்களை இரண்டு வாரத்தில் கண்டு முடித்துவிடலாம். எஞ்சிய ஐந்தரை மாதத்தை எழுதிய பேனாக்கள் எத்தனை?

நெடிய தங்கல் இலக்கியமாகும் என்பதற்குச் சான்று உண்டு. அசோகமித்திரன் 1973-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் திட்டத்தில் கலந்துகொண்டு சில மாதங்கள் அங்கே வாழ்ந்தார். அவ்வாழ்விலிருந்து பிறந்த 'ஒற்றன்' சுற்றுலாக் காட்சிகளை நம்பி நிற்கவில்லை. தங்குமிடத்தையும் குளிரையும் உடன் தங்கிய அயல்நாட்டு எழுத்தாளர்களையும் நம்பி நிற்கிறது. தி. ஜானகிராமன் தம் ஆஸ்திரேலியப் பயண நூலுக்கு 'அடுத்த வீடு ஐம்பது மைல்' என்று பெயரிட்டார். ஒரு நாட்டை அதன் அண்டை வீட்டுத் தொலைவால் அளந்த தலைப்பு அது.

ஆயினும் இவ்விரு படைப்பாளரும் சென்றது உறவினர் வீட்டுக்கு அன்று. மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் செல்லும் பயணம் தனக்கென ஓர் இலக்கணம் உடையது. அதன் நடுவே நிற்பவர் பெரும்பாலும் தாய்.

மகளின் பேறுகாலத்துக்கென்று செல்லும் தாயின் பெட்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். சுக்கு, பூண்டு, கொள்ளு, வறுத்து அரைத்த பொடிகள், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் எல்லாம் நிறுத்து நிறுத்து அடுக்கப்படுகின்றன. சுங்கத்தார் எதைத் தடுப்பார்கள் என்ற அச்சமும் அவற்றோடு பயணம் செய்கிறது. அங்கே சென்றபின் குழந்தையைக் குளிப்பாட்டுதல், மகளுக்குப் பத்தியச் சமையல், இரவில் பாதி உறக்கம் என்று அவளுடைய நாட்கள் நகர்கின்றன. வருகை விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய இடமில்லை. அவள் செய்வதை வேலையென்று எந்நாட்டுச் சட்டமும் எண்ணுவதில்லை. ஊர் திரும்பியபின் எழுதப்படும் கட்டுரையும் எண்ணுவதில்லை. கணவர் கண்ட கோபுரங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. அரிசியும் பருப்பும் சாதத்தின் மணம் வெளியே போகாதிருக்கச் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவள் தயங்கி நின்ற நேரத்துக்கு ஒரு வரி இல்லை. உப்பில்லாக் கீரைக்கு இடம் கொடுத்த மொழியில் இது ஒரு குறையே ஆகும்.

தந்தையின் நிலையும் வேறுவகையில் எழுதத்தக்கதே. நியூயார்க் நகரம் கோடையில் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. ஊரில் காலைச் சிப்டு தொடங்கும் வேளை அங்கே முன்னிரவு. நாற்பது ஆண்டுகளாக யூனிட்டின் மின்மோட்டார் ஓசையில் கண்விழித்த ஒருவர், அவ்வோசை இல்லாத வீட்டில் தொலைபேசி வழியே மேலாளரிடம் நூல் வந்ததா என்று கேட்கிறார். மகன் வேலைக்குச் சென்றபின், கதவைப் பூட்டவும் திறக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியவராகிறார். வீட்டின் தலைவர், வீட்டின் விருந்தினர் ஆகிறார். இம்மாற்றத்தில் பெருமிதமும் நாணமும் கலந்திருக்கின்றன.

மூன்றாவதாகப் பேரக் குழந்தைகள். கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவர்கள் அம்மிச்சி, அப்புச்சி. தந்தையைப் பெற்றவர் அப்பாரு. எவ்வழி உறவு என்பதை ஒரு சொல்லே காட்டிவிடும். கடல் கடந்த வீட்டில் இவையெல்லாம் தாத்தா, பாட்டி என்னும் இரண்டு சொற்களுக்குள் ஒடுங்குகின்றன; சில வீடுகளில் அவையும் ஆங்கிலமாகின்றன. ஆறு மாதம் தங்கும் ஓர் அம்மிச்சி, அச்சொல்லால் தன்னை அழைக்க ஒரு குழந்தையைப் பழக்கிவிட்டுத் திரும்புகிறாள் என்றால், அது எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் ஏறாத தமிழ்ப்பணி. அவள் விமானம் ஏறியபின் அச்சொல் எத்தனை மாதம் நிலைக்கும் என்னும் கவலையோ ஒரு கவிதைக்குரிய பொருள்.

இவற்றையெல்லாம் எழுதும் கண் திருப்பூரிடம் இல்லை என்று சொல்ல இயலாது. பனியன் தொழில் அறிந்தவர் அயல்நாட்டுக் கடைக்குள் நுழைந்தால், தொங்கும் சட்டையின் முன்புறத்துப் படத்தில் மயங்கி நிற்பதில்லை. அதை உட்புறமாகத் திருப்புகிறார். ஓவர்லாக் தையல் சீராக ஓடுகிறதா, பிசிர் வெட்டப்பட்டிருக்கிறதா, துணியின் கனம் என்ன என்று விரலாலேயே கண்டுகொள்கிறார். பக்கத் தையலில் உள்ள சீட்டு எந்த நாட்டின் பெயரைச் சொல்கிறது என்று பார்க்கிறார். செக்கிங் மேசையருகே நின்று கண்வலித்த பெண்கள் அவர் நினைவுக்கு வருகிறார்கள். முன்புறம் விற்பனைக்கு, உழைப்பின் தடம் உட்புறத்தில். பயணத்தையும் அவ்வாறு உட்புறமாகத் திருப்பிப் பார்க்கும் பயிற்சி இவ்வூர்க் கவிஞருக்குத் தொழிலோடு வந்தது.

அப்பயிற்சிக்குக் கடல் கடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டி திருப்பூர் நிலையத்தில் நிற்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கு வேலைக்கு வந்தவர்களைக் காண அவர்களுடைய தாய்தந்தையர் வந்து இறங்குகிறார்கள். மொழி தெரியாத தெருவும் மகன் வேலைக்குச் சென்றபின் நீளும் பகலும் அவர்களுக்கும் உண்டு. ஊரிலிருந்து மூட்டையில் கட்டிவந்த மாவும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை திருப்பூரே அயல்நாடு. நியூஜெர்சியில் விருந்தினராக இருந்து திரும்பியவருக்கு இவர்களின் முகம் விளங்க வேண்டும். விளங்கவில்லையெனில், அவர் ஆறு மாதம் கண்டது காட்சியை மட்டுமே.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் உறுப்பினர் பலர் பிள்ளைகளைக் காண விமானம் ஏறுவர். அருவிகளையும் கோபுரங்களையும் கண்குளிரக் காணட்டும். அவற்றைப் பற்றி எழுதுவதும் தவறில்லை. அதனோடு, சோறிட்டவர் யார், அந்த அடுக்களையில் நின்றவர் யார், அங்கே எந்தச் சொல் பிழைத்தது, எந்தச் சொல் மறைந்தது என்பதையும் எழுதி வர வேண்டும். உடன் சென்ற துணைவியாரின் கையில் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்து எழுதச் சொன்னால், பயண இலக்கியத்தில் இதுவரை வெற்றிடமாக உள்ள பாதிப் பக்கம் நிரம்பத் தொடங்கும்.