திரும்பி வந்த கட்டுரை



வீட்டிலிருந்தபடி இணையத்துக்கு எழுதிச் சம்பாதிக்கும் தங்கைமார் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "எழுதி அனுப்பினால் வேண்டாம் என்கிறார்கள். விட்டுவிட்டுக் கார்மன்ட் வேலைக்கே போகட்டுமா, அக்கா?"

இதற்கு விடை நம் அம்மாமாரிடம் இருக்கிறது. கொழுந்து நிறுக்குமிடத்தில் முற்றிய இலையைப் பொறுக்கி எறிவார்கள். எறியப்பட்டது இலை, பறித்த கை அல்ல. மறுநாளும் அவர்கள் மலைக்குப் போனார்கள். ஆனால் நியாயமில்லாமல் அரைப்பேர் போட்டால் தட்டிக் கேட்டார்கள்.

நாமும் இந்த இரண்டையும் பிரித்தறிவோம். கட்டுரை பொருந்தவில்லை என்றால் காரணம் கேட்டு, திருத்தி, வேறிடத்துக்கு அனுப்புவோம். 'மாதிரிக்கு' என்று வாங்கிக் காசு தராமல் பிரசுரிப்பது நிராகரிப்பு அல்ல, சுரண்டல். ஆகவே கூலியை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்வோம். ஒரே இடத்தை நம்பி வீட்டுச் செலவை வைக்க வேண்டாம்.

ஹாலி-எல, ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தோட்டத்து மனிதரையே எழுதினார். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வந்தது. தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது 2013இல், 79ஆவது வயதில். இடையில் 39 ஆண்டுகள்; அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

'வேண்டாம்' என்று பதில் வரும் நாளில் எங்களை அழையுங்கள், தங்கைமாரே. சேர்ந்திருந்து வாசிப்போம், திருத்துவோம், மறுபடி அனுப்புவோம். சங்கம் அதற்கும்தான்.