பழைய உடையும் நமது குடும்பமும்



இன்றைய பேச்சு பழைய உடையைப் பற்றியது. பிறர் உடுத்திக் கழித்த துணியைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். இருக்கிறது. நம் சம்பளப் பணம், நம் பிள்ளைகளின் உடல்நலம், அவர்கள் தலைநிமிர்ந்து பள்ளிக்கு வருவது ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன.

ஜொகூர் பாருவிலிருந்து தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பெர்மாஸ் ஜெயா வந்துவிடும். அதற்கு அப்பால் மாசாய், பாசிர் கூடாங். சம்பளம் கிடைத்த வாரக் கடைசியில் இந்தப் பக்கம் வருகிற தோட்டத்துக் குடும்பங்கள் பேரங்காடிக்குள் நுழைவதும் உண்டு. பண்டல் கடைக்குள் நுழைவதும் உண்டு. பேரங்காடியில் வாங்கியதைப் பெருமையாகக் காட்டுவோம். பண்டல் கடையில் வாங்கியதை மட்டும் பையோடு மறைத்து எடுத்துச் செல்வோம். இந்த மறைப்பு தேவைதானா என்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

பண்டல் என்றால் மூட்டை. பணக்கார நாடுகளில் மக்கள் கழித்த துணிகளைத் திரட்டி, தரம் பிரித்து, இயந்திரத்தால் அழுத்தி, பட்டை கட்டிய மூட்டைகளாகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்த மூட்டையின் பெயரே கடைக்கும் பெயராகிவிட்டது. கென்யா நாட்டில் இத்தகைய துணிக்கு 'மித்தும்பா' என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் மூட்டைகள் என்பதே பொருள். நம் நாட்டுக்கு ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இத்தகைய துணி வருகிறது. பழைய புத்தக வணிகத்தில் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமான புக்காஃப், 2016-ஆம் ஆண்டு முதல் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் மலேசியாவிலேயே பழைய பொருள் கடைகளை நடத்தி வருகிறது. ஆகவே இது ஏதோ மூலையில் நடக்கும் வியாபாரமன்று.

இந்தக் கடைகளுக்கு யார் வருகிறார்கள்? ஒரு வகையினர் மாதச் செலவைக் கணக்குப் பார்க்கும் தாய்மார்கள். இரண்டாம் வகையினர் வேலைக்கு உடுத்த முரட்டுச் சட்டையும் சிலுவாரும் தேடும் தொழிலாளர்கள். மூன்றாம் வகையினர்தாம் புதியவர்கள். இவர்கள் இளைஞர்கள். பழமைக்காகவே பழைய உடையைத் தேடுகிறார்கள். சட்டையைத் திருப்பி, தையலைப் பார்த்து, கழுத்துச் சீட்டைப் படித்து, ஐந்து வெள்ளிக்கு வாங்கியதை ஐம்பது வெள்ளிக்கும் அதற்கு மேலும் விற்பவர்கள் இவர்களில் உண்டு.

இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு. லீவைஸ் ஜீன்ஸ் சிலுவாரின் பின்பையில் ஒரு சிறு சிவப்புத் துணிச்சீட்டு தைத்திருக்கும். அதிலுள்ள பெயரில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து 1971 வரை பெரிய எழுத்தாக இருந்தது. பிறகு சிறிய எழுத்தாக மாறிற்று. அந்த ஓர் எழுத்து விலையைப் பன்மடங்கு உயர்த்திவிடும். இன்னொன்று, எப்படித் துவைக்க வேண்டும் என்று கூறும் சலவைச் சீட்டு. அமெரிக்காவில் அது 1972-இல்தான் கட்டாயமாயிற்று. அது இல்லாத அமெரிக்க உடை அதற்கு முந்தியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றே சொல்கிறோம். சீட்டை வெட்டி எடுத்தவர்களும் உண்டு, போலி செய்பவர்களும் உண்டு.

பழைய துணி சரித்திரமும் பேசும். 1880-களில் தைத்த ஒரு ஜீன்ஸ் சிலுவார், அமெரிக்காவில் பாழடைந்த ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. 2022-ஆம் ஆண்டு அது 76,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் பைக்குள், அந்தத் துணி வெள்ளையர் உழைப்பால் மட்டுமே ஆனது என்று அச்சிட்டிருந்தார்கள். சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதை 1882-இல் சட்டம் போட்டுத் தடுத்த காலம் அது. கடல் கடந்து கூலி வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, அந்தச் சிறு வாசகத்தின் பொருள் யாரும் விளக்காமலே புரியும்.

நம்மோடு தொடர்புடைய துணியும் உண்டு. கைலியை மலாய்க்காரர் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்த கட்டம்போட்ட துணி, ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. அதே போன்ற கட்டம்போட்ட மெட்ராஸ் துணி 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் அமெரிக்காவுக்குச் சென்றது. துவைத்தால் சாயம் போயிற்று. சாயம் கலந்து கலந்து ஒவ்வொரு சட்டையும் ஒரு தனி அழகு பெறும் என்று விளம்பரம் செய்து அதையே சிறப்பாக்கி விற்றார்கள். அந்தக் காலத்துச் சட்டைகளை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. நம் நெசவாளர் கைப்பட்ட துணி அது.

இனி, வெட்கத்தைப் பற்றிப் பேசுவோம். பிறர் உடுத்தியதை உடுத்துவது நமக்குப் புதிதா? பிறந்த குழந்தையை முதலில் சுற்றியது எது? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி. அதைத் தாலாட்டியது எது? தாயின் பழைய சீலையில் கட்டிய ஏணை. இருட்டோடு பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார், கைலிக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டார்கள். கொசுக்கடிக்கும் பால் கறைக்கும் அதுவே காப்பு. அந்தக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது என்பதால், புதுத் துணியை மரத்தடிக்குக் கொண்டுபோக யாரும் துணியவில்லை. அதில் இழிவு ஏதும் இல்லை. இருப்பதை அறிந்து வாழ்ந்த கெட்டிக்காரத்தனம் அது.

ஆனால் வாங்கும்போது விழிப்பு வேண்டும். சில செய்திகளைக் கேளுங்கள்.

முதலாவது, வாங்கிய துணியைத் துவைக்காமல் உடுத்தவே கூடாது. சிரங்கை உண்டாக்கும் சிறு பூச்சி மனித உடலை விட்டு நீங்கினால் பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர் வாழாது. எனினும் நமக்குச் சற்று முன் இன்னொருவர் அதைப் போட்டுப் பார்த்திருக்கலாம். சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். சுடுநீர் தாங்காத துணியைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு துவையுங்கள். மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் மூட்டைப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளாடைகளைப் புதிதாகவே வாங்குங்கள்.

இரண்டாவது செய்தி தாய்மார்களுக்கு. பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த துணியைக் கைக்குழந்தைக்கு உடுத்தாதீர்கள். அதில் ஏணையும் கட்டாதீர்கள். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். அத்தகைய குழந்தைக்குப் பாச்சை உருண்டையின் நெடி இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும். கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். பாட்டியின் பெட்டியில் பத்திரமாக இருந்த சீலைதானே என்று எடுத்துவிடக் கூடாது. குழந்தை வெளுத்தாலோ, உடல் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்து இறங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது உடுத்திய துணி. பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியை நம் நாடு 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துவிட்டது. வேறு மருந்துகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மருந்து அடித்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். அது கிழிந்த பிறகும் பிள்ளைக்கு விரிப்பாகவோ சமையற்கட்டில் பிடிதுணியாகவோ ஆக்கக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

நான்காவது, இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு. ஒரு கணக்குப் போடுவோம். இருபது சட்டைகளை ஐந்து வெள்ளி வீதம் பொறுக்கி எடுத்தால் முதல் நூறு வெள்ளி. அவற்றுள் எட்டு மட்டும் இருபது வெள்ளிக்கு விற்றால் வரவு 160 வெள்ளி. பேருந்துக் கட்டணமும் சவர்க்காரமும் போக மிச்சம் கொஞ்சமே, ஆனாலும் நட்டமில்லை. பிரிக்காத மூட்டையை முழுதாக வாங்குவது வேறு கதை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்காகக் கடன் வாங்குவது சூதாட்டத்துக்குக் கடன் வாங்குவது போன்றது.

மலிவு என்பதற்காக அள்ளிக்கொண்டு வருவதும் தவறு. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், அக்ரா நகரில் காந்தமாந்தோ என்ற பெரிய பழைய துணிச் சந்தை உண்டு. அங்கே விற்க இயலாத துணிகள் கால்வாய்களிலும் கடற்கரையிலும் மலைபோல் குவிந்து, மீனவர் வலைகளில் சிக்குகின்றன. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தச் சந்தை தீப்பற்றி எரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தார்கள். ஒருவர் வேண்டாமென்று கழித்தது எங்கோ ஓர் ஏழையின் வாசலில்தான் போய் விழுகிறது. தேவையை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

கடைசியாக, பள்ளியைப் பற்றி ஒரு சொல். சட்டை பெரிதாக இருக்கிறது, அது இன்னாருடைய பழைய சட்டை என்று சக மாணவர் கேலி செய்ததால், பள்ளிக்கு வரவே மறுத்து நின்ற பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். கேலி பேசும் பிள்ளை அதை எங்கே கற்கிறது? வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான். ஆகவே திருத்தமும் அங்கேயே தொடங்க வேண்டும். பழைய சட்டையானாலும் பொத்தான் தைத்து, அளவு பிடித்து, தேய்த்துக் கொடுத்தால் பிள்ளை அதை மனநிறைவோடு உடுத்தும். தீபாவளிக்கு ஒரு புத்தாடை எடுங்கள். அது நம் வழக்கம், அதன் மகிழ்ச்சியே தனி. ஆண்டு முழுதும் புதிதாக உடுத்தவேண்டும் என்று கடன்படாதீர்கள்.

ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர்கள் கூடி ஒரு சிறு காரியம் செய்யலாம். பள்ளி ஆண்டு முடிந்ததும், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சீருடைகளைத் துவைத்து, தைத்து, மடித்துக் கோயில் மண்டபத்தில் அளவு வாரியாக அடுக்கி வைக்கலாம். யாருடையது என்று எழுத வேண்டாம். யார் எடுத்தார்கள் என்று கேட்கவும் வேண்டாம். கொடுத்தவர் பிள்ளையும் அங்கிருந்தே அடுத்த அளவை எடுத்துக்கொள்ளட்டும். எல்லாரும் கொடுத்து, எல்லாரும் எடுக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையையும் யாரும் சுட்டிக்காட்ட முடியாது.

வரும் பள்ளி விடுமுறையிலேயே இதைத் தொடங்கிப் பாருங்கள், நேயர்களே.