மறைநிலை உலாவலும் மறையாத கண்களும்



கைப்பேசியில் மறைநிலையில் தேடியவை உலாவியின் வரலாற்றில் பதிவாவதில்லை. பின்னர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பவருக்கு அவை தெரியா. ஆனால், எந்தத் தளத்துக்குச் சென்றார் என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் அறிய இயலும். மறையாக்கம் செய்யப்பட்ட தளமெனில், அங்கே படித்தது என்ன என்பதை அந்நிறுவனம் அறியாது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளோ கைப்பேசிக்குள்ளேயே புகுந்து இந்த எல்லையையும் தகர்க்கிறது.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டே, எந்தக் கணினியின் தகவலையும் இடைமறிக்க 10 அமைப்புகளுக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் அதிகாரம் வழங்கியது. அதற்கு ஒப்புதல் அளிப்பவர் நீதிபதி அல்லர், உள்துறைச் செயலாளர். கண்காணிப்பவரும் அனுமதிப்பவரும் ஒரே அரசு!

உலாவியின் பொத்தான் உரிமையைக் காக்காது. நீதிமன்ற அனுமதியின்றிக் கண்காணிப்பு இல்லை என்ற சட்டமே காக்கும். அச்சட்டத்தை மக்கள் போராடியே பெற வேண்டும்.